மார்கழிக்குள் ஒரு தலைவிளக்கு

நவம்பர் 8

அதிகாலை நாலே முக்காலுக்கு ஏரிக்கரையில் ஓடும்போது கால் பிசகிவிட்டது. தெருவிளக்கு பஸ் நிறுத்தத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒன்றரை கிலோமீட்டர் கும்மிருட்டு. கையில் பிடித்த செல்போன் வெளிச்சம் கை வீசும் போதெல்லாம் ஆடுகிறது, எது கல் எது சாணி என்று தெரிவதில்லை. கடையில் வாங்கிய தலைவிளக்கு இரண்டும் மழையில் நனைந்து போய்விட்டன. ஓடவும் சைக்கிள் ஓட்டவும் சேர்த்து நானே ஒன்று செய்துவிடுவதாக இருக்கிறேன். மார்கழி பிறப்பதற்குள் முடிய வேண்டும்.

நவம்பர் 15, சனி

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் மூன்று மணி நேரம். வட்டத் தகட்டில் ஏற்றிய கிரீ எக்ஸ்எம்-எல்2 எல்இடி இரண்டு, 18650 செல் நான்கு, டிபி4056 சார்ஜிங் போர்டு இரண்டு, நாலைந்து விதமான லென்ஸ். 18650 என்பது அளவுதான்: 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். எல்லாக் கடையிலும் 6500 கெல்வின் நீல வெள்ளைதான் எடுத்துக் காட்டினார்கள். எனக்கு மஞ்சள் கலந்த 4000 வேண்டும். செம்மண்ணும் காய்ந்த புல்லும் அதில்தான் தனித்தனியாகத் தெரியும். “அது டல்லா இருக்கும் சார், யாரும் கேக்கறதில்ல” என்றார் ஒருவர். நான்காவது கடையில் கிடைத்தது.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்கள் வீட்டில் இருக்கின்றன. அளந்து பார்த்தேன், இரண்டு வோல்ட்டுக்கும் கீழே. அப்படி இறங்கிப்போன லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. நெற்றியில் கட்டிக்கொள்ளப்போகும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நவம்பர் 18

முதல் சோதனை மேசை மேல். எல்இடிக்கு வேண்டியது சுமார் 2.9 வோல்ட், முழு சார்ஜில் செல் தருவது 4.2. நடுவில் மிஞ்சும் 1.3 வோல்ட்டை, கரண்டை மட்டுப்படுத்தும் 1.8 ஓம் ரெசிஸ்டரிடம் விட்டேன். மீட்டர் 700 மில்லி ஆம்பியரை ஒட்டி நின்றது. அறை பகல் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் கணக்குப் போட்டால் மனம் ஒப்பவில்லை. செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது அரை வோல்ட். கரண்ட் 280 மில்லி ஆம்பியருக்கு விழும். கிளம்பும்போது கண்ணைப் பறிக்கிற விளக்கு, களைத்துத் திரும்பும்போது மங்கிப்போகும். வெளிச்சம் அதிகம் தேவைப்படுவதே திரும்பும்போதுதான்.

நவம்பர் 22, சனி

ரெசிஸ்டரைத் தூக்கிவிட்டு ஏஎம்சி7135 சிப் இரண்டு போட்டேன். ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. செல்லில் தெம்பு இருக்கும்வரை அதற்குக் கீழேயும் போக விடாது. எல்இடியின் மைனஸுக்கும் செல்லின் மைனஸுக்கும் நடுவில் உட்கார வேண்டும். செல் 2600 மில்லி ஆம்பியர்-மணி, ஆக மூன்றரை மணி நேரம் ஒரே வெளிச்சம். எனக்குத் தாராளம்.

சால்டரிங்தான் படுத்தியது. எல்இடி உட்கார்ந்திருக்கும் தகடு அலுமினியம். 25 வாட் அயர்ன் வைத்தால் சூட்டையெல்லாம் தகடே குடித்துவிடுகிறது, ஈயம் உருண்டையாக நிற்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் 60 வாட் அயர்ன் வாங்கி வந்தேன், ஒரே தொடுதலில் பிடித்தது. சூட்டை வெளியேற்ற, ஜன்னல் செய்யும் பட்டறையில் அலுமினிய சேனல் வெட்டுத் துண்டு கேட்டேன், காசு வாங்காமல் கொடுத்தார்கள்.

டிசம்பர் 3

முதல் ஓட்டம். நெற்றியில் விளக்கு, பின்னந்தலையில் செல், நடுவே தையல் கடை எலாஸ்டிக். நேற்றைய மழைக்கு ஈசல் கிளம்பியிருந்தது, எல்லாம் நேரே முகத்துக்கு வந்தன. வாயைத் திறக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய ஏமாற்றம், இத்தனை வெளிச்சத்திலும் பள்ளம் தெரியவில்லை. சாலை முழுக்க வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல் தட்டையாக இருந்தது. இரண்டு இடத்தில் கால் இறங்கிவிட்டது. எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கி நின்றார். யார் வருகிறார் என்று நான் திரும்பிப் பார்த்ததே அவர் கண்ணில் வெளிச்சத்தைக் கொட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கொல்லை மணலில் ஐந்து செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி. எட்டு மீட்டர் தள்ளி நின்றேன். விளக்கு நெற்றியில் இருந்தால் குழி மறைந்துவிடுகிறது. இடுப்பில் பிடித்தால் கரிக்கோடு போட்ட மாதிரி எழுந்து நிற்கிறது. அதே விளக்கு, அதே குழி.

காரணம் நிழல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் வெளிச்சத்தில் இந்தக் குழியின் விளிம்பு 40 செ.மீ. நிழல் போடும், ஒரு சாண் குழி முழுக்க இருண்டுவிடும். கண் அதற்கும் மேலே இருப்பதால் அந்த இருட்டை எட்டிப் பார்க்கிறது. நெற்றியில் இருக்கும் விளக்கும் நிழல் போடத்தான் செய்கிறது. ஆனால் கண்ணும் விளக்கும் ஒரே இடத்திலிருந்து பார்ப்பதால் நிழல் விளிம்புக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. இன்னும் அதிக லூமென், அதாவது அதிக வெளிச்சம், போட்டாலும் இது மாறாது. மூன்று வாரம் பிரகாசத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்றே இரண்டு விளக்காகப் பிரித்துவிட்டேன். 700 மில்லி ஆம்பியர் விளக்குக்கு ஓடும்போது இடுப்புப் பட்டை, சைக்கிளில் ஹேண்டில்பார். ஒரே ஒரு 7135 போட்ட சின்ன விளக்கு ஹெல்மெட்டுக்கு. வளைவில் ஹேண்டில்பார் வெளிச்சம் வேலி மேல் விழும், தலைதான் முதலில் சாலைப் பக்கம் திரும்பும்.

டிசம்பர் 13, சனி

பால்காரர் நினைவாகவே இருந்தது. ஜெர்மனியில் சைக்கிள் விளக்கின் ஒளி ஒரு கோட்டுக்கு மேலே ஏறக்கூடாது என்று சட்டமே உண்டு. எதிரே வருபவர் கண்ணைக் காக்கத்தான். ஒளியை அப்படி வெட்டும் கண்ணாடி என்னிடம் இல்லை. 10 டிகிரி உயரம், 45 டிகிரி அகலம் பரப்பும் லென்ஸை மாட்டி, மேலே அலுமினியத் தகட்டில் ஒரு தாழ்வாரம் வைத்தேன். தம்பியை எதிரே நிற்கவைத்து, கண் கூசவில்லை என்று சொல்லும்வரை சாய்த்துக்கொண்டே போனேன்.

டிசம்பர் 18

மார்கழி மூன்று. ஏரியிலிருந்து பனி எழும்பிச் சாலை வரைக்கும் வந்திருந்தது. ஹெல்மெட் விளக்கைப் போட்டதும் முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை விழுந்தது. பனித்துளிகள் அத்தனையும் வெளிச்சத்தைக் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. அணைத்தேன். ஹேண்டில்பார் விளக்கு மட்டும், திரைக்கு அடியில் தார்ச்சாலை ஈரத்தோடு தெரிந்தது. காரின் பனிவிளக்கை ஏன் அவ்வளவு கீழே வைக்கிறார்கள் என்று இன்றுதான் உடம்புக்குப் புரிந்தது.

மதகு தாண்டியதும் எதிரே பால்காரர். கை கண்ணுக்குப் போகவில்லை. மணி அடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சைக்கிளில் விளக்கே இல்லை. என்னிடம் இன்னும் இரண்டு செல் இருக்கிறது, எல்இடி மட்டும் ஒன்று வாங்க வேண்டும்.