ஹைபிரிட் கார் கிளம்பவில்லை: 12 வோல்ட் பேட்டரியின் பின்னால் போன நாட்கள்

சேலத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. அப்படியே அம்மாவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தோம். ரயிலில் போனதால் கார் பதினொரு நாள் பெங்களூரு அல்சூர் வீட்டின் கீழ்த்தளத்திலேயே நின்றது. திங்கள் காலை ஏழு மணிக்கு ஒயிட்ஃபீல்டு கிளம்பப் போனால் கதவே திறக்கவில்லை.

முதலில் சாவியைத்தான் சந்தேகப்பட்டேன். அதற்குள் இருக்கும் 2032 பட்டன் செல்லை மாற்றினேன், பலனில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். டேஷ்போர்டு மங்கலாக எரிந்தது. எங்கோ ஒரு ரிலே (கரண்ட்டில் இயங்கும் ஸ்விட்ச்) டக் டக் டக் என்று அடித்தது. வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு மட்டும் வரவில்லை.

ஒரு ஒர்க் ஷாப்புக்கு போன் செய்தேன். "பெரிய பேட்டரி போயிருக்கும் சார், வண்டியை ஏத்திக்கிட்டு வந்துடுங்க" என்றார்கள். வண்டியைப் பார்க்காமலே சொன்ன தீர்ப்பு. பெரிய பேட்டரி என்றால் செலவு லட்சத்தில் போகும். அளந்து பார்க்காமல் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டில் இரண்டு பேட்டரி உண்டு. வண்டியை ஓட்டும் உயர் வோல்ட் பேட்டரி ஒன்று, சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று. என் வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவது உயர் வோல்ட் மோட்டார்தான். ஆனால் அந்தப் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களும், கட்டளை கொடுக்கும் கம்ப்யூட்டர்களும், கதவுப் பூட்டும் 12 வோல்ட்டில் வேலை செய்பவை. சின்னது படுத்துவிட்டால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை.

என் வண்டியில் அந்தச் சின்ன பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டிக்கியோ கரண்ட் இருந்தால்தான் திறக்கும். நல்லவேளையாக பானெட்டுக்குள், ஃபியூஸ் பெட்டியில், சிவப்பு மூடி போட்ட ஒரு பாசிட்டிவ் முனை வைத்திருக்கிறார்கள். மல்டிமீட்டரை வைத்தேன்: 10.9 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் காட்ட வேண்டும், 12.2 என்றாலே ஏறக்குறைய பாதி காலி.

எதிர்வீட்டு அண்ணன் வேலூர்க்காரர், பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். ஜம்பர் கேபிளோடு வந்தார். சிவப்பை முதலில் என் முனையிலும் பிறகு அவர் பாசிட்டிவிலும், கறுப்பை அவர் நெகட்டிவிலும், கடைசி கறுப்பை என் எஞ்சின் பகுதியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் மாட்டினோம். மாற்றி மாட்டினால், பெரிய மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர் வரைக்கும் சேதம் போகலாம் என்பதால் இரண்டு முறை சரிபார்த்தோம். பட்டனை அழுத்தினேன்.

"இன்னும் ஸ்டார்ட் ஆகலையே தம்பி?"

"ஆயிடுச்சுண்ணா. ‘ரெடி’ வந்துடுச்சு பாருங்க, எஞ்சின் தேவைப்படும்போதுதான் ஓடும்."

மீட்டரில் 14.1. பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை ஏற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வேலை செய்கிறது, பெரிய பேட்டரியும் உயிரோடு இருக்கிறது. ஒர்க் ஷாப் போன் கொடுத்த கலக்கம் அப்போதுதான் தீர்ந்தது. ஒன்றை மட்டும் அண்ணனிடம் சொல்லி வைத்தேன்: அவர் கார் படுத்தால் என் காரிலிருந்து கரண்ட் தர முடியாது. பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இந்தச் சின்ன பேட்டரி தாங்காது.

பேட்டரிக் கடையில் "சாதா பேட்டரியே போட்டுக்கலாம் சார்" என்றார்கள். மறுத்துவிட்டேன். இது உட்புறத்திலேயே இருப்பதால், வாயு வெளியேறக் குழாய் வைத்த, அமிலம் சிந்தாத ஏஜிஎம் வகைதான் போட வேண்டும். அதோடு, எதனால் இறங்கியது என்று தெரியாமல் புதிதாக வாங்கினால் அதுவும் படுத்துவிடும்.

சார்ஜரில் 4 ஆம்பியரில் இரவு முழுக்க ஏற்றினேன். சில மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு 12.72. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஒரு நாள் விட்டேன்: 12.70. மாட்டி ஒரு நாள் விட்டேன்: 12.49. பேட்டரி பிடித்து வைக்கிறது, வண்டிதான் உறிஞ்சுகிறது.

எது உறிஞ்சுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்தேன். முதல் முயற்சியில், மீட்டர் நடுவில் இருப்பதை மறந்து கை பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டேன். மீட்டரின் உள் ஃபியூஸ் போனது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் அதே அளவில் இரண்டு வாங்கி வந்தேன்.

மறுபடியும் வைத்தபோது 2.8 ஆம்பியர் காட்டியது. பயப்பட வேண்டியதில்லை, கம்ப்யூட்டர்கள் இன்னும் தூங்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி, கதவு மூடியதாக வண்டியை நம்பவைத்தேன். சாவியை மூன்றாவது மாடியில் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் இருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும். 25 நிமிடம் கழித்து 0.31இல் நின்றது. 0.05க்குள் இருந்திருக்க வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆடியோ, மாற்றமில்லை. உள்விளக்கு, மாற்றமில்லை. ஏழாவதை எடுத்ததும் 0.03.

டேஷ்கேம், அதாவது முன்னால் சாலையைப் பதிவு செய்யும் கேமரா. போன வருடம் பொருத்திக் கொடுத்தவர், எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸிலிருந்து ஒயரை எடுத்திருந்தார். வோல்ட் இறங்கினால் துண்டிக்கும் பெட்டியும் வைக்கவில்லை. 0.28 ஆம்பியர் என்றால் 24 மணி நேரத்துக்கு 6.7 ஆம்பியர்-மணி. என்னுடையது 45 ஆம்பியர்-மணி பேட்டரி. புதிதாக இருந்தாலே ஏழு நாள் தாங்காது, இதற்கு நான்கு வயது. தினமும் ஒயிட்ஃபீல்டு போய் வரும் வரை நெரிசலிலேயே அது திரும்பத் திரும்ப நிறைந்துகொண்டிருந்தது. சேலம் போன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

ஒயரை, பட்டன் போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றிவிட்டேன். அரை மணி நேர வேலை. ஆரஞ்சு நிறக் கேபிள் ஒன்றைக்கூட எங்கேயும் தொடவில்லை. அது உயர் வோல்ட், பயிற்சி பெற்றவர்கள் மட்டும் தொட வேண்டியது.

அப்புறம் வேண்டுமென்றே ஒன்பது நாள் வண்டியை எடுக்காமல் மெட்ரோவில் போனேன். நேற்று சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனதும் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் விரிந்தன. பட்டனை அழுத்தும் முன் அளந்தேன்: 12.53.