ஒரு டெய்லரை நான்கு முறை எண்ணினேன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை சதவீதம்? என் முனைவர் பட்ட ஆய்வின் ஓர் அத்தியாயத்துக்கு இந்தக் கேள்வி போதும் என்று இறங்கினேன். மூன்று வாரத்தில் முடித்துவிடுவேன் என்று நெறியாளரிடமும் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் ஆயிற்று.

அரசிடம் டேட்டா வாங்குவது பெரும்பாடு என்று சீனியர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அது பழைய கதை. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பான ஏ.எஸ்.ஐ.யை ஒரு காலத்தில் பணம் கட்டி சிடியில் வாங்கினார்கள். இப்போது மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசம். எனக்கு வேண்டிய ஆண்டுகள் ஒரே மதியத்தில் இறங்கிவிட்டன. திறந்து பார்த்த பிறகுதான் தலை சுற்றியது. தலைப்பு இல்லை, காற்புள்ளி இல்லை, வரி வரியாக வெறும் எண்கள். எத்தனையாவது இடத்திலிருந்து எத்தனை இலக்கம் எதைக் குறிக்கிறது என்பது தனியாக ஓர் எக்ஸெல் தாளில் இருக்கிறது. அதைப் பார்த்து ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் வெட்டி வெட்டி எடுக்க வேண்டும்.

ஒரு தொழிற்சாலையின் விவரம் ஒரே வரியில் இருக்காது. படிவத்தில் ஏ, பி, சி என்று ஜே வரை பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோப்பு. ஆட்கள் இருப்பது ‘இ’ பகுதியில். அதைத் திறந்து, ஆட்கள் எண்ணிக்கையைக் கூட்டி, கோப்பிலேயே கொடுத்திருக்கும் ‘மல்டிப்ளையர்’ என்ற பெருக்கு எண்ணால் பெருக்கினேன். தமிழ்நாட்டுக்கு வந்த தொகை, அமைச்சகமே வெளியிட்ட அட்டவணையில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! மல்டிப்ளையரில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் அதையே குடைந்தேன்.

கோளாறு என்னிடம்தான். அந்தப் பகுதியில் ஆண்களுக்கு ஒரு வரி, பெண்களுக்கு ஒரு வரி, இருவரின் கூட்டுத்தொகைக்கு ஒரு வரி. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களுக்கு ஒரு வரி, பிறகு மொத்தத் தொழிலாளர், மேற்பார்வையாளர், மற்ற ஊழியர், கடைசியில் எல்லாருக்குமான மொத்தம். நான் எல்லா வரியையும் கூட்டிவிட்டேன். நேரடியாக வேலைக்கு எடுத்த ஒரு டெய்லரை நான்கு முறையும், ஒப்பந்தத் தொழிலாளியை மூன்று முறையும், சூப்பர்வைசரை இரண்டு முறையும் எண்ணியிருக்கிறேன். காலிப் படிவத்தை முதல் நாளே அச்செடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஊர். நான் எடுத்த ஆண்டுகளின் கோப்பில் மாநிலக் குறியீடு 33 இருக்கிறது, மாவட்டம் இல்லை. எந்தக் கம்பெனி என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறார்கள். மாவட்டக் குறியீடு உள்ள பழைய ஆண்டுகளுக்குப் போகலாமா என்று யோசித்தேன். திருப்பூர் மாவட்டமே 2009-இல்தான் பிறந்தது. அதற்கு முன் ஊர் கோயம்புத்தூர் கணக்கில் கிடக்கிறது. ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் (2013-14) மாவட்டம் உண்டு. நாடு முழுக்க சுமார் 5.85 கோடி நிறுவனங்களைத் தொட்ட பெரிய வேலை அது. ஆனால் தலைக்கணக்கு மட்டும்தான், சம்பளம் பற்றி ஒன்றும் கிடையாது. கடைசியில் ‘தமிழ்நாடு, பின்னலாடை, தொழில் குறியீடு 1430’ என்று கேள்வியைச் சுருக்கிக்கொண்டேன். நெறியாளர் முகம் சுளித்தார், சரி என்றார்.

ஒப்பந்தத் தொழிலாளர் விகிதம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. ஊரில் பார்ப்பதற்கும் இதற்கும் ஒட்டவே இல்லை. மாமாவின் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவர் இருபது வருடமாக இந்தப் படிவத்தை நிரப்புகிறவர் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலிப் படிவத்தோடு போனேன்.

“அறுவது பேர் கம்பெனி நம்முளுது. எல்லா வருஷமும் வராதுங் கண்ணு. போன வருஷம் விட்டுட்டாங்க, இந்த வருஷம் நோட்டீஸ் வந்துருச்சு” என்றார். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலை என்றால் வருடா வருடம் மாட்டும். சிறியவை மாதிரியில் விழுந்தால்தான் வரும். அப்படி விழுந்த ஒன்று, விழாத பலவற்றுக்கும் சேர்த்து நிற்கிறது. நான் திட்டிக்கொண்டிருந்த மல்டிப்ளையர் இதுதான்.

வெளியே கூலிக்குத் தைக்கும் பவர் டேபிள் காரர்களுக்குக் கொடுத்துத் தைப்பதை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டி ‘எஃப்’ பகுதியில் விரலை வைத்தார். நம் சரக்கைக் கொடுத்து வெளியே செய்து வாங்கிய வேலைக்கான செலவு. அங்கே ஆள் கிடையாது, ரூபாய்தான். நான் ‘இ’ பகுதியில் தேடிக்கொண்டிருந்த டெய்லர்கள் ‘எஃப்’ பகுதியில் பணமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களை ஆட்களாகப் பார்க்க வேண்டுமானால் வேறு கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். நான் எடுத்த ஆண்டுகளில், மின்சாரம் வைத்து ஓட்டும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. அதற்குக் கீழே உள்ள, கம்பெனியாகப் பதிவாகாத பட்டறைகள் ‘அசூஸ்’ கணக்கெடுப்பில் வருகின்றன. 2022-23-இல் அதன் கணக்குப்படி, கடைகளையும் சேவைத் தொழில்களையும் சேர்த்து நாட்டில் அப்படி 6.5 கோடி நிறுவனங்கள், கிட்டத்தட்ட 11 கோடிப் பேர். எட்டுப் பேரோடு பிரைவேட் லிமிடெட் என்று பதிந்து தைக்கிறவர் இரண்டிலும் சிக்க மாட்டார். அதை அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இப்போது அத்தியாயத்தில் இரண்டு அட்டவணைகள்: ‘இ’ பகுதியின் விகிதம் ஒன்று, மொத்தச் சம்பளத்தோடு ஒப்பிட்ட ‘எஃப்’ பகுதிச் செலவு இன்னொன்று.

போன வாரம் மடிக்கணினியில் அந்தக் கோப்பை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். “இதுல நம்ம கம்பெனி எந்த வரி?”

தெரியாது என்றேன். நம்பவில்லை, தானே தேட ஆரம்பித்தார்.