கொரிய எழுத்தோடு மூன்று வாரம்

அடுத்த மாதம் சியோல் பயணம். கடைப் பலகைகளையாவது எழுத்துக்கூட்டி வாசித்துவிட வேண்டும் என்று ஹங்குல் என்ற கொரிய எழுத்தைப் படிக்க உட்கார்ந்தேன். அடிப்படை எழுத்துகள் 24 தான்: மெய் 14, உயிர் 10. செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்டவை. 'ந' எழுத்து, நுனி மேலே தொடும் நாக்கின் வடிவம். 'ம' எழுத்து, வாயின் வடிவம். இது தெரிந்த பிறகு உருப்போடும் வேலை பாதியாகிவிட்டது.

ஆனால் அந்த 'ந' பார்ப்பதற்கு நம் 'ட' மாதிரியே இருக்கும். நான்கு நாள் 'நா' வருமிடமெல்லாம் 'டா' என்றே வாசித்தேன். 'ப' எளிது. நம் ப-வுக்கு நடுவே ஒரு குறுக்குக்கோடு, அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம்தான் உண்மையான சந்தோஷம். ஆங்கில வழியில் படித்தபோது ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி ஏன் என்று புரியவில்லை. கணவன் மனைவியைச் சேர்த்துக் குறிக்கும் 'புபு' என்ற சொல்லில் இரண்டும் ஒரே எழுத்து. முதலாவது வல்லொலி, இரண்டாவது மெல்ல ஒலிக்கிறது. 'பாபநாசம்' என்ற சொல்லில் நாம் செய்வது இதேதானே! சொல்லின் முதலில் ஒன்று, உயிர்களுக்கு நடுவிலும் மெல்லெழுத்துக்குப் பின்னும் இன்னொன்று. அன்றே ஆங்கிலக் குறிப்புகளை மூடிவிட்டுத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். குற்றியலுகரமும் கைகொடுத்தது. 'பாட்டு' கடைசியில் உதடு குவியாமல் வரும் ஒலிக்கு மிக நெருக்கமாக அங்கே தனி உயிரெழுத்தே உண்டு. பஸ் என்ற சொல்லை அதை வைத்துத்தான் முடிக்கிறார்கள், நம் ஊர்ப் பேச்சில் வரும் 'பஸ்ஸு' மாதிரி.

தமிழ் உதவாத இடமும் உண்டு. நெருப்பு, புல், கொம்பு மூன்றுமே என் காதுக்கு 'புல்' தான். எழுத்தில் மூன்றும் வேறு. (புல்லுக்கு அங்கேயும் 'புல்' என்பது அழகான தற்செயல்.)

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது அசையை முடிக்க அதன் அடியில் எழுதும் மெய்களில். மெட்ரோ மூன்றாம் தடத்தில் ஒரு நிலையம்: எழுத்துப்படி 'தொக்-ரிப்-முன்', வாசிப்பதோ 'தொங்னிம்முன்'. பொன்னும் குடமும் பொற்குடம் ஆவது போன்ற புணர்ச்சிதான். நாம் மாறியதை எழுதுகிறோம், அவர்கள் மாறாததை எழுதி மாற்றி வாசிக்கிறார்கள். சரி, அந்தத் தடத்தின் நிலையப் பெயர்களையே பாடமாக வைத்திருக்கிறேன். தினமும் ஐந்து. ஒரு பெயருக்கு இப்போது பத்து விநாடி ஆகிறது. ரயில் நிலையத்தைத் தாண்டுவதற்குள் வாசிக்க அது போதாது.