ஹிந்த்: ஒரு பெயர் சூட்டும் வாரம்

ஜூன் 9

தங்கை மகளுக்குப் பெண் குழந்தை. ஏழாம் நாள் அகீகா, ஆடு அறுத்துப் பெயர் சூட்டும் சடங்கு. மருமகன் பெயரையும் முடிவு செய்துவிட்டார்: ஹிந்த். கேட்டதும் உம்மா முகம் சுருங்கிவிட்டது. "ஹம்ஸா நாயகத்தின் ஈரலைக் கடித்துத் துப்பியவள் பெயரா என் கொள்ளுப்பேத்திக்கு?" ஹம்ஸா, உஹதுப் போரில் கொல்லப்பட்ட நபியின் சிறிய தந்தை. மச்சானின் கவலை வேறு. நம் ஊர் நாக்கு கடைசியில் ஓர் உகரம் சேர்க்காமல் விடாது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை 'ஹிந்து' என்றுதான் கூப்பிடுவார்கள் என்கிறார். அரபு படித்த பாவத்துக்குத் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில்.

ஜூன் 10

இப்னு மன்ழூர் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'லிஸானுல் அரப்' அகராதியைப் புரட்டினேன். ஹிந்த், ஹுனைதா இரண்டும் நூறு ஒட்டகங்கள் கொண்ட மந்தைக்குப் பெயர். அதே வேரில் 'ஹன்னத' என்றொரு வினை: கொஞ்சிப் பேசி ஆணைக் கிறங்கடிப்பது. 'முஹன்னத்' என்றால் இந்திய இரும்பில் அடித்த வாள். சிந்து நதி பாரசீகர் வாயில் ஹகரம் பெற்று, நம் நாடும் அரபியில் ஹிந்த் ஆனது.

பெயர்ப் புத்தகங்கள் 'இந்தியா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. எனக்கு ஒட்டகம்தான் பொருத்தமாகப் படுகிறது. ஓர் உயிருக்கு ஈடாகக் கொடுக்கும் இரத்தப் பணமே நூறு ஒட்டகம்தான். பெண் பிள்ளைக்குச் 'செல்வம்' என்று பெயர் வைக்கிற நமக்கு இது புரியாதா என்ன?

மதரஸாவில் நஹ்வு, அதாவது அரபு இலக்கணம், படித்தவர்களுக்கு ஹிந்த் பழைய சிநேகிதி. பெண் பெயர்கள் பொதுவாகத் தன்வீன் எனும் கடைசி 'ன்' ஒலியை ஏற்காது. மூன்றெழுத்துப் பெயராகி நடுவெழுத்தில் சுகூனும் (உயிரொலி இல்லாமை) இருந்தால் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். உஸ்தாதுகள் (ஆசிரியர்கள்) இதற்குத் தரும் உதாரணம் இவள்தான்.

ஜூன் 11

இன்று முழுக்க ஹீராவில் கிடந்தேன். இராக்கில் கூஃபாவுக்கு அருகே இருந்த பழைய தலைநகர். 6ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட அம்ரு, தந்தை பெயரால் அல்ல, தாய் பெயரால் 'அம்ரு இப்னு ஹிந்த்' என்றே அறியப்பட்டான். தாய் கிந்தா குலத்து இளவரசி, கிறிஸ்தவர். அவர் கட்டிய மடாலயத்துக்கு 'தைர் ஹிந்த்' என்று பெயர்.

இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிஞர் தரஃபாவைக் கொல்லச் சொன்னவன் இந்த அம்ருதான். உறவினர் செய்யும் அநியாயம் முஹன்னத் வாளின் வெட்டைவிட வலிக்கும் என்று பாடியவர் தரஃபா. ஹிந்தின் வாளைப் பாடியவருக்கு ஹிந்தின் மகன் எமன்.

அம்ருவின் முடிவும் சின்ன விஷயத்தில்தான் வந்தது என்பது மரபுக் கதை. விருந்தில் ஹிந்த், இன்னொரு கவிஞரான அம்ரு இப்னு குல்ஸூமின் தாய் லைலாவிடம் "அந்தத் தட்டை எடுத்துக் கொடு" என்றார். "வேண்டியவர் எழுந்து எடுத்துக்கொள்ளட்டும்" என்றார் லைலா. ஹிந்த் விடவில்லை. லைலா "அவமானம்!" என்று கூவ, அவர் மகன் அங்கே தொங்கிய வாளை உருவி மன்னனை வெட்டிவிட்டான். நம் வீட்டுக் கல்யாணப் பந்திச் சண்டையெல்லாம் எம்மாத்திரம்!

ஜூன் 12

உம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். உஹதில் ஈரலைக் கடித்த செய்தி இப்னு இஸ்ஹாக் எழுதிய நபி வரலாற்றில் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு முந்திய பத்ருப் போரில் தந்தையை இழந்த வெறி. அதே ஹிந்த் பின்த் உத்பா 630இல் மக்கா வெற்றியின்போது இஸ்லாத்துக்கு வந்தார்.

நபி (ஸல்) பொருள் பிடிக்காத பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். 'ஆஸியா', மாறு செய்பவள் என்ற பொருளுடைய பெயர், ஜமீலா ஆனது. பர்ரா, ஸைனப் ஆனது. ஹிந்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய மனைவி உம்மு ஸலமாவின் இயற்பெயரும் ஹிந்த்தான். மக்காவுக்குள் போக முடியாமல் ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை செய்து திரும்ப நேர்ந்து, தோழர்கள் மனமுடைந்து அசையாமல் நின்றபோது, "நீங்கள் முதலில் பலியிட்டுத் தலைமுடியை மழியுங்கள்" என்று நபியிடம் யோசனை சொன்னவர் அவர்.

உம்மா அதற்கும் அசையவில்லை. புகாரி தொகுத்த ஹதீஸ் (நபிமொழி) ஒன்றைச் சொன்னேன். கணவர் அபூ ஸுஃப்யான் கஞ்சர், அவர் பணத்தில் அவருக்குத் தெரியாமல் எடுக்கலாமா என்று ஹிந்த் பின்த் உத்பா நபியிடம் கேட்க, "உனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள்" என்று பதில் வந்தது. உம்மா வாய்விட்டுச் சிரித்தார். "உன் வாப்பா இருந்த காலத்தில் இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?"

ஜூன் 14

பெயர் சூட்டியாயிற்று: ஹிந்த் பாத்திமா. உம்மா 'பாத்திமா' என்று மட்டும்தான் கூப்பிடுகிறார். அதன் வேர் பால்குடி மறக்கச் செய்வது. பச்சைப் பிள்ளைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று மருமகன் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.