"எத்தனை ஜி தம்பி?"

நாலு மாத வெல்டிங் பயிற்சியை முடித்து, சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வேலை தேடி அலைந்தேன். ஒரு விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை ஜி தம்பி?"

போனைப் பற்றித்தான் கேட்கிறாராக்கும் என்று, "4ஜி சார்" என்றேன்.

"அட, ஓவர்ஹெட் ஓட்டுவியா?"

விழித்தேன். வெல்டிங்கில் 4ஜி என்றால் தலைக்கு மேலே இருக்கும் தகட்டில் வெல்டு ஓட்டுவது என்று அவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். தகட்டைக் கிடத்தி ஓட்டினால் 1ஜி. நிற்கும் தகட்டில் குறுக்காக ஓட்டினால் 2ஜி, செங்குத்தாக ஓட்டினால் 3ஜி. பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவைத்து, அதைச் சுற்றி நாம் ஓட்டுவது 6ஜி. அதில் தேறினால் மற்ற நிலைகளும் அதற்குள் அடக்கம். அதனால்தான் நான் பார்த்த விளம்பரங்களில் எல்லாம் 6ஜி, 6ஜி என்றே இருந்தது. சிலதில் எச்-எல்045 என்று இருக்கும். அது வேறு ஏதோ பெரிய படிப்பு என்று தாண்டிப் போயிருக்கிறேன். அதே 6ஜி-க்கு உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வைத்த பெயர்தானாம்!

பயிற்சியில் நாங்கள் ஓட்டியது பெரும்பாலும் 1ஜி, அதுவும் 6013 ராடில் (ராடு என்பது உருகி வெல்டாகும் குச்சி, எண் அதன் வகை). நாலு மாதத்தில் இந்த எண்களை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

போனை வைக்கும் முன் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். உங்கள் டெஸ்டில் என்ன ராடு, தகடு எத்தனை மில்லிமீட்டர், எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டு, கைக்கு அகப்பட்ட சான்றிதழின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். "3ஜி-யில ஆரம்பி. 7018 ராடு, 10 மில்லி தகடு. ரெண்டு பக்கமும் வளைச்சுப் பார்ப்போம்" என்றார்.

ஒரு சின்னப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். வேலை முடிந்த பிறகு கழிவுத் துண்டுகளில் ஓட்டிப் பழகினேன். 7018 ராடை, ராடுகளைச் சூடாக வைத்திருக்கும் அடுப்பிலிருந்து எடுத்து எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்; வெளியே கிடந்து ஈரம் இழுத்தால் ஹைட்ரஜன் புகுந்து வெல்டு பின்னால் விரிசல் விடும். இதையும் அங்கேதான் கற்றேன்.

முதல் டெஸ்டில் தோற்றேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. வெட்டியெடுத்த பட்டையை அழுத்தி 180 டிகிரி வளைத்ததும், ராடு மாற்றிய இடத்தில் வாய் பிளந்தது. 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஃபெயில். நிறுத்திய முனையை கிரைண்டரால் தேய்க்காமல் அதன்மேலேயே அடுத்த ராடைப் பற்றவைத்திருக்கிறேன், ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் கசடு) உள்ளேயே மாட்டிக்கொண்டது. வளைந்த துண்டை, போனில் பேசிய அவரே என் கையில் கொடுத்து, "வச்சுக்கோ, பாத்துப் பாத்து ஓட்டு" என்றார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி போய்த் தேறினேன். கிடைத்த தகுதித் தாளில் ராடு, தகட்டின் கனம், நிலை எல்லாம் தெளிவாக எழுதியிருக்கும். வேலை கொடுப்பவர் படிப்பது அந்த வரிகளைத்தான். இன்னொன்று: தேறிய அந்த வெல்டிங் முறையில் ஆறு மாதம் தொடர்ந்து வெல்டு செய்யாமல் இருந்தால் தாள் செல்லாது. அதனால் ஓட்டிய வேலையைப் பதிவேட்டில் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். 6ஜி இன்னும் வரவில்லை. பைப்பின் அடிவயிற்றில் ரூட் (இணைப்பின் அடியில் ஓட்டும் முதல் வெல்டு) உள்வாங்கிக்கொண்டே இருக்கிறது.