வன்னிச் செம்மண்ணும் நந்திக்கடல் சேறும்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் பஸ் திரும்பியதும் ஒழுங்கைகள் எல்லாம் சிவக்கத் தொடங்கும். முன்னே போன டிரக்டர் கிளப்பிய புழுதி யன்னலால் வந்து வெள்ளைச் சேட்டில் படிந்தால் இரண்டு தோய்ச்சலுக்கும் போகாது. அந்தச் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு, துருவின் உறவு. மண் துணிக்கைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. இந்தப் பக்கத்து மாரித் தண்ணீர் பேராற்றில் சேர்ந்து, முத்தையன்கட்டுக் குளத்தில் கொஞ்சம் தங்கி, கடைசியில் முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் போய் விழும். ஆறு கலங்கி ஓடுவது இந்த மண்ணைச் சுமந்துகொண்டுதான்.

நந்திக்கடல் என்றால் எங்களுக்கு 2009 மே, போரின் கடைசி நாட்கள். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். நான் போனது சேறு பார்க்க, இந்தச் செம்மண்ணின் இரும்பு அங்கே காபனை எப்படிப் பிடித்து வைக்கிறது என்று அறிய. சொன்னால் சிரிப்பார்கள் என்று வற்றாப்பளை அம்மனைக் கும்பிடப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். பொய்யில்லை, கும்பிட்டேன். கடல்நீரில் விளக்கெரிக்கும் வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் நாள் கிடந்ததால் கோயிலடி வெறிச்சென்று இருந்தது.

களப்புக் கரையில் வீச்சுவலையோடு ஒரு ஐயா நின்றார். "தம்பி, செருப்பைக் கழட்டிப்போட்டு இறங்கும், சேறு இழுத்துப்போடும். அதுசரி, இந்த நாத்தத்துக்குள்ள என்ன பாக்கப் போறீர்?"

கால் வைத்த இடத்தில் மேலே தவிட்டு நிறத்தில் ஒரு மெல்லிய படை, ஒரு விரல் தடிப்புக்கூட இல்லை. அதற்குக் கீழே ஒரே கறுப்பு, கூழ்முட்டை நாற்றம். ஒரு பிடி அள்ளி அவருடைய தோணி விளிம்பில் வைத்தேன். இறால் விலை பற்றி அவர் கதைத்து முடிய முன்னமே அந்தப் பிடியின் மேற்புறம் வெளிறி, தவிட்டு நிறம் தட்டத் தொடங்கிவிட்டது. செம்மண்ணோடு வந்த இரும்பு ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் கந்தகத்தோடு சேர்ந்து கறுத்துக் கிடந்தது. காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகிறது.

இந்த இரும்பைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கடலில் செத்து விழும் பாசி, ஆறு கொண்டுவரும் இலைகுழை எல்லாவற்றையும் பக்டீரியா தின்று காபனீரொட்சைட்டாகத் திருப்பிவிடுகிறது. கடற்பாசிகள் உண்டாக்கும் சேதனக் காபனில், அதாவது உயிர்ப்பொருளில் இருக்கும் காபனில், அடியில் நிலையாகப் புதைவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்தக் கொஞ்சமாவது தப்புவதற்கு ஒட்சிசன் இல்லாதது ஒரு காரணம், கனிமம் இன்னொரு காரணம். ஒரு கிராம் களியின் துணிக்கைப் பரப்பை எல்லாம் கூட்டினால் பத்து இருபது சதுர மீட்டர் வரும், சில களிகளில் நூற்றுக்கணக்கில் வரும். அதன் இடுக்குகளில் ஒட்டிக்கொண்ட சேதனப் பொருளைப் பக்டீரியாவின் நொதியம் எட்டிப் பிடிப்பது கடினம். இரும்பு ஒட்சைட்டின் பிடி இன்னும் கெட்டி, சேதன மூலக்கூறோடு இரசாயனப் பிணைப்பே போட்டுவிடும். 2012இல் கனடாவில் லலோண்ட், ஜெலினா குழுவினர் பல கடல்களின் அடிமண்ணில் இருந்த இரும்பைக் கரைத்து, அதோடு எவ்வளவு காபன் கழன்று வருகிறது என்று அளந்தார்கள். மொத்தச் சேதனக் காபனில் சராசரியாக 21.5 சதவீதம். ஒட்சிசன் இல்லாத அடிமண்ணிலும் அந்தப் பிணைப்பு இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. கந்தகத்திடம் போன இரும்பு தன் பிடியை முழுக்க விட்டுவிடும் என்றல்லவா நினைப்போம்?

முள்ளியவளையில் தேத்தண்ணியும் ரோஸ் பாணும். பாணின் மேற்தோல் சிவந்து மணப்பது சீனியும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்வதால். 1912இல் லூயி கமீல் மயிலார்ட் விவரித்த தாக்கம். போறணையே இல்லாத குளிர்ந்த கடலடியிலும் அது நடக்கிறது, இரும்பும் மங்கனீசும் அதைப் பல மடங்கு விரைவாக்குகின்றன என்று 2023இல் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியது. சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகி, பக்டீரியா இலகுவில் தின்ன முடியாதவையாகிவிடுகின்றன. கடைக்கார அண்ணைக்கு இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் பருப்புக்கறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் முல்லைத்தீவுக் கடற்கரை. மணலில் அங்கங்கே கரும்பட்டைகள், இல்மனைட்டு என்ற கனிமம். அதிலும் இரும்பு உண்டு, ஆனால் பளிங்காக இறுகிப்போன இரும்பு, காபனுக்குக் கைகொடுக்காது. பருமணலில் பரப்பும் குறைவு. மெல்லிய துணிக்கைகளை அலை அரித்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் கடற்கரை களப்பைப் போல நாறுவதில்லை.

அங்கிருந்து கிழக்கே, ஆழத்தில், கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண் கிடக்கிறது. வங்காள விசிறி என்பார்கள். ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் நீளம், இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. தரையிலிருந்து போய் உலகக் கடலடியில் புதையும் சேதனக் காபனில் 10 முதல் 20 சதவீதம் அங்கேதான் என்று 2007இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அதற்கு முன்னால் எங்கள் பேராறு எந்த மூலைக்கு? அது கொண்டுவருவதிலும் ஒரு பங்கை முத்தையன்கட்டு அணை மறித்துக்கொள்கிறது. கமக்காரருக்கு அது வெறும் தூர், வாய்க்காலை அடைக்கிற தலையிடி.

போகிறவர்கள் திரும்பி வரும் பஸ் நேரத்தை முதலே கேட்டு வையுங்கள். நந்திக்கடல் இறால் வாங்குவதென்றால் காலையிலேயே கரைக்குப் போய்விட வேண்டும்.