ஆடிக் காற்றில் அப்புத்தளையின் மாடுகள்

மட்டக்களப்புக்குத் திரும்பி இரண்டு நாட்களாகியும் உதட்டு வெடிப்பு ஆறவில்லை. அப்புத்தளையில் இரண்டு விடியற்காலைகள் நின்று எடுத்த 412 படங்களில் ஆறு மட்டுமே தேறியுள்ளன. அந்த ஆறு படங்களுக்காக இதே பயணத்தை நாளையே மறுபடியும் தொடங்குவேன். ஆனால் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் மீதுள்ள கோபம் இன்னும் தணியவில்லை. வழி, செலவு, கமரா அமைப்பு என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் முதலில் மாடுகளிடமே போகிறது.

எதற்காக ஆடி மாதத்தில் போனாய் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். காற்றுக்காகத்தான் போனேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி, அப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரம் இழந்து வறண்டுபோகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பதும், கீழே இறங்கிச் சூடேறி எங்கள் ஊரில் கச்சான் என்ற சுடுகாற்றாக வீசுவதும் இதே காற்றுதான். சிறு வயதிலிருந்து முகத்தைச் சுட்ட காற்றை அது பிறக்கும் இடத்தில், 1,400 மீற்றருக்கு மேல், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. காற்றைப் படம்பிடிக்க முடியாது; காற்றில் நிற்கும் மாட்டின் வாலையும் காதையும் பிடிக்கலாம். விடியல் வானத்துக்கு எதிரே கறுப்பு உருவமாக நிற்கும்போது அந்த வால் காற்றின் திசையைச் சொல்லிவிடும் என்று நம்பிப் போனேன்.

செங்கலடியால் திரும்பி, மஹா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பிபிலை வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு மலை ஏறத் தொடங்கியதும், என் பக்கத்து யன்னல் கண்ணாடி ஒவ்வொரு வளைவிலும் தானாகத் திறந்துகொண்டது. கமராப் பையை மடியில் வைத்து ஒரு கையால் அதை அணைத்தபடி, மறு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே பதுளை வந்து சேர்ந்தேன். லென்ஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பின் சக்கரத்துக்கு மேலுள்ள ஆசனத்தில் உட்கார வேண்டாம். அங்கே விழும் ஒவ்வொரு குலுக்கலும் நேரே பைக்குள் இறங்குகிறது.

இனி அந்த முச்சக்கர வண்டி. அப்புத்தளை நகரத்திலிருந்து இதல்கஸ்ஹின்ன பக்கமாகச் சில கிலோமீற்றர் தள்ளியுள்ள ஒரு புல்மேட்டுக்குப் போய், காத்திருந்து, திரும்பி வருவதற்கு 1,500 ரூபா என்று முதல்நாள் மாலை பேசி முடித்திருந்தோம். விடியற்காலை நான்கரைக்கு, பாதி வழியில், இருட்டில் வண்டியை நிறுத்தி, காற்று அதிகம், 3,000 ரூபா வேண்டும் என்றார். அந்த இடத்தில் வேறு யாரையும் கூப்பிட முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொடுத்தேன். மூன்று நாள் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்த பணம் அது. மறுநாள் அதே இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் நடந்தே போனேன். கையில் ஒரு டோர்ச் இருந்தால் தண்டவாளத்தை ஒட்டிய தோட்டப் பாதையில் நடப்பது கடினமில்லை. அப்படிப் பேச்சு மாறுகிறவருக்குக் கொடுப்பதைவிடக் கால் வலிப்பது மேல்.

முதல் விடியல் முழுத் தோல்வி. மேட்டின் மீது மூன்று பசுக்களும் சில ஆடுகளும் நின்றன. வானம் செம்மஞ்சளாகப் பழுத்துக்கொண்டிருந்தது. சூரியனுக்கு நேராக நின்று எடுத்துக்கொண்டே இருந்தேன். அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லாப் படங்களிலும் கறுப்பாக ஒரு குவியல், அதன் கீழே இரண்டு தடிகள். தலை இல்லை, கொம்பு இல்லை, வால் இல்லை. அதற்குக் காரணம் என்னவென்று அன்று பகல் தெரிந்துகொண்டேன்.

மாடுகளின் சொந்தக்காரர், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. மேட்டுக்குக் கீழேயுள்ள லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கிறார். காலையில் நான் குளிரில் நடுங்கியதைக் கண்டவர், பகல் அந்த வழியாகத் திரும்பிப் போனபோது, "உள்ள வாங்க தம்பி, காத்துல நிக்காதீங்க" என்று அழைத்தார். அடுப்படியில் உட்காரவைத்து, தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த ரொட்டியும், அம்மியில் அரைத்த கட்டைச் சம்பலும், அன்று காலை கறந்த பாலில் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியும் தந்தார். ரொட்டியின் ஓரம் கருகி, நடுவில் ஆவி அடைபட்டு மெதுவாக இருந்தது. சம்பலின் உறைப்புக் கண்ணில் நீரை வரவழைத்தது. அதை அந்தப் பாலின் கொழுப்பு வந்து தணித்தது. இந்தப் பயணத்தில் காசு கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் அதற்கு அருகில்கூட வரவில்லை. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கமராவின் திரையில் படங்களைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இதுல எது எந்த மாடுன்னு எனக்கே தெரியலையே" என்றார். பிறகு சொன்னார்: "மாடு காத்துக்கு முதுகக் காட்டித்தான் நிக்கும். நீங்களும் காத்து வர்ற பக்கமே நின்னா பின்பக்கந்தான் தெரியும். நிக்கிற மாட்டப் புடிக்காதீங்க தம்பி, நடக்கிற மாட்டப் புடிங்க."

எவ்வளவு சரியான பேச்சு! ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. சூரியனோ நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 20 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. ஆகவே சூரியனை நோக்கி நிற்பவனின் முதுகில் காற்று அடிக்கும், அவனுக்கு முன்னால் நிற்கும் மாடும் அதே காற்றுக்கு முதுகைக் கொடுத்துச் சூரியனை நோக்கித்தான் நிற்கும். பால் கறந்து கொடுத்தனுப்பிய பிறகு, ஆறு மணி கடந்ததும், அம்மா பட்டியைத் திறந்துவிடுவார். அப்போது அவை முகட்டின் வழியாக வடக்கிலிருந்து தெற்கே, நீர் குடிக்கும் ஓடைக்கு வரிசையாக நடக்கும். நடக்கும் மாடு காற்றைப் பொருட்படுத்துவதில்லை. சூரியனுக்குக் குறுக்கே அதன் முழுப் பக்கமும் தெரியும்.

இரண்டாம் நாள் தூரத்தையும் மாற்றினேன். சூரியனின் வட்டம் வானத்தில் அரைப் பாகை அகலம்தான். தோள் உயரம் 1.3 மீற்றர் உள்ள பசு 140 மீற்றர் தூரத்தில் போனால் சூரியனும் அதுவும் படத்தில் ஒரே உயரமாகத் தெரியும். முதல்நாள் போல 40 மீற்றரில் நின்றால் சூரியன் ஒரு பொட்டாகிவிடும். ஆகவே சரிவில் நன்றாகக் கீழே இறங்கி, மானாப்புல் மேயப்பட்டுக் கட்டையாகக் கிடந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். உயரமான புல் காற்றில் ஆடி மாட்டின் கால்களை மறைத்துவிடும், கால்களுக்கிடையே வானம் தெரியாவிட்டால் உருவமே இல்லை. கீழே இறங்குவதில் இன்னொரு பெரும் நன்மை உண்டு. நமது நாட்டில் சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்தே எழுகிறது, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. முகடு கண்ணுக்கு எவ்வளவு உயரமாகத் தெரிகிறதோ அவ்வளவு நேரம் பிந்தி அது முகட்டில் தோன்றும். மாடு பிந்தினால் இன்னும் சிறிது கீழே இறங்கினால் போதும், அதே சூரியன் மறுபடியும் உதிக்கும். அன்று இரண்டு முறை இறங்கினேன்.

முக்காலியை அறையிலேயே விட்டுவிட்டேன். அந்தக் காற்றில் அது கம்பிபோல அதிரும். நிலத்தில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, லென்ஸின் முன்மறைப்பைக் கழற்றிப் பையில் போட்டேன், ஏனென்றால் அது காற்றைப் பிடித்து லென்ஸை ஆட்டுகிறது. 250 மில்லிமீற்றர் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 800, ஷட்டர் நொடியில் 640இல் ஒரு பங்கு. இதைவிட வேகத்தைக் குறைத்தால் வாலின் மயிர் கரைந்துவிடும். வெளிச்சத்தைச் சூரியனில் அளக்காமல், அதற்குப் பக்கத்து வானத்தில் அளந்து, கையாலேயே பூட்டிவைத்தேன். கண்ணாடித் துளை வழியாகச் சூரியனைப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும், பின்திரையில் பாருங்கள்.

ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் முதல் பசு முகட்டில் ஏறியது. காது பின்னோக்கி அழுந்தி, வால் உடலை விட்டுப் பின்னோக்கிப் பறந்து, வாலின் நுனி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அதன் பின்னே கன்று, காற்று தள்ளத் தள்ளக் கால்களை அகட்டி வைத்து நடந்தது. கடைசியாக அம்மா, தலையில் போட்ட கம்பளி ஒரு பக்கமாக விரிந்து நிற்க, கையில் தடியுடன் வந்தார். சூரிய வட்டம் முகட்டைத் தொட்டு முழுதாக வெளியேற இரண்டு நிமிடங்களே ஆகும். அந்த இரண்டு நிமிடங்களில்தான் தேறிய ஆறு படங்களும் விழுந்தன. பிறகு பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறி எல்லாவற்றையும் மூடியது.

செலவு: அறை இரண்டு இரவுக்கு 7,000 ரூபா, வண்டி 3,000 ரூபா, மிகுதி பஸ்ஸும் சாப்பாடும். தனி வாகனம் பிடித்துப் போகாதீர்கள், பணம் வீண். தோட்டத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அந்த அம்மாவின் வாசலில் கூட்டம் சேரக் கூடாது.

புறப்படுவதற்கு முன் அவரிடம் இரண்டாம் நாள் படங்களைக் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, திரையைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி, "இது லெச்சுமி, எடது கொம்பு நுனி ஒடஞ்சிருக்கு பாருங்க. இது அவ புள்ள" என்றார். கறுப்பு உருவத்தின் அந்தக் கொம்பில், நகக்கண் அளவுக்கு, முறிவு தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது படத்தில் தன்னைக் கண்டதும் சிரித்துவிட்டு, அதைப் பெரிதாக ஒன்று போட்டுத் தரச் சொன்னார். நாளை கடைக்குக் கொடுக்கிறேன், இரண்டு பிரதிகள். ஒன்று லயத்துச் சுவருக்கு.